நோயா, மாத்திரையா?

மனச்சிதைவுக்கு மருந்து ஆரம்பித்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். பையனுக்குத் திடீரென்று கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது, கண்கள் மேலே செருகுகின்றன, நாக்கு குளறுகிறது. வலிப்பு என்பார் ஒருவர், காத்துக்கருப்பு என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளால், அதிலும் இளவயது ஆண்களுக்கு, முதல் சில நாட்களில் வரக்கூடிய தசை இறுக்கம் இது. பார்க்கத்தான் பயங்கரம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், பெனர்கன் போன்ற ஊசி ஒன்றிலேயே பெரும்பாலும் சீக்கிரம் விட்டுவிடும். இப்படி ஆகலாம் என்று மருந்து எழுதும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீடு இவ்வளவு பதறியிருக்காது.

1952-ல் பாரிஸில் குளோர்புரோமசைன் மனநோய்க்குக் கொடுக்கப்பட்ட காலத்திலிருந்தே இந்தத் தொல்லைகள் கூடவே வருகின்றன. காரணம் டோபமைன். மூளையில் ஓரிடத்தில் அதை அடக்கினால் காதில் கேட்கும் குரல்களும் வீண் சந்தேகங்களும் குறைகின்றன. ஆனால் கைகால் அசைவைச் சீராக்குவதும் டோபமைன்தான், பால் சுரக்கவைக்கும் ஹார்மோனைக் கட்டுக்குள் வைப்பதும் அதுதான். மாத்திரைக்கு இடம் பார்த்து வேலை செய்யத் தெரியாது.

எல்லாவற்றிலும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது ஒன்று உண்டு: ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு. ஆள் எழுந்து நடப்பார், உட்காருவார், மறுபடி எழுவார். நிற்கும்போதும் காலை மாற்றி மாற்றி வைப்பார். “உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது” என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது. வீட்டில் இருப்பவர்கள் இதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று நினைக்கிறார்கள். மருத்துவரிடம் “ரொம்ப ஆட்டமா இருக்கான்” என்கிறார்கள். அவர் அதை நம்பி அளவைக் கூட்டினால் தவிப்பும் கூடும். தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகக்கூடிய வேதனை இது. எனவே “ஆட்டம்” என்று சொல்லாதீர்கள். மாத்திரை மாற்றியதற்கு அல்லது கூட்டியதற்குப் பிறகுதான் வந்ததா, எத்தனையாவது நாளில் வந்தது என்று சொல்லுங்கள். அளவைக் குறைத்தோ, மருந்தை மாற்றியோ, புரோப்ரனலால் சேர்த்தோ இதைத் தணிக்க முடியும்.

கை நடுக்கம், உணர்ச்சி காட்டாத முகம், காலைத் தேய்த்து நடப்பது ஆகியவை கொஞ்சம் மெதுவாக வரும். இவற்றுக்குத்தான் பேசிடேன் மாத்திரை எழுதுகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து வாய் தானாக மெல்லுவது, நாக்கு நெளிவது தொடங்கினால் அது வேறு சமாசாரம்: மருந்தை நிறுத்தினாலும் சிலருக்குப் போவதில்லை. அதனால் லேசாகத் தெரியும்போதே காட்டிவிட வேண்டும்.

ஓலன்சபின் போன்ற புதிய மருந்துகளில் நடுக்கம் குறைவு, பசி அதிகம். சில மாதங்களில் எடை ஏறுகிறது, பின்னாலேயே சர்க்கரையும் கொழுப்பும். ஏற்கனவே சர்க்கரை நோய் மலிந்த நம் ஊரில் இதைச் சின்ன விஷயமாக விடக்கூடாது. மருந்து தொடங்கும் முன்பே எடை, இடுப்பளவு, ரத்தச் சர்க்கரை மூன்றையும் குறித்து வைத்து, பிறகு அவ்வப்போது பார்க்க வேண்டும். “சோம்பேறி, தின்னுட்டுத் தூங்குறான்” என்று திட்டுவதால் ஒரு கிலோகூடக் குறையாது.

கூச்சத்தால் வெளியே வராத தொல்லைகளும் இருக்கின்றன. ரிஸ்பெரிடோன் எடுக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம், மார்பில் பால் கசியலாம். ஆணுக்கு மார்பு பருக்கலாம், தாம்பத்திய ஆர்வம் குறையலாம். இதை யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. கேட்கும் பொறுப்பு மருத்துவருடையது. கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

குளோசபின் தனிக் கதை. ரத்த வெள்ளணுக்கள் குறைந்து 1975-ல் பின்லாந்தில் சிலர் இறந்ததால் ஓரங்கட்டப்பட்டது. மற்ற மருந்துகள் கேட்காதவர்களுக்கு இதுவே பலன் தந்ததால், 1989-ல் அமெரிக்கா ரத்தப் பரிசோதனை நிபந்தனையோடு அனுமதித்தது. முதல் 18 வாரங்கள் வாராவாரம் ரத்தம் பார்ப்பது நெடுநாள் வழக்கம். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் தவணைக்குக் காத்திருக்கக் கூடாது. மலச்சிக்கலையும் அலட்சியப்படுத்தாதீர்கள், இந்த மருந்தில் அது குடலையே அடைத்து உயிரை வாங்கியிருக்கிறது.

எந்த மருந்தானாலும், கடுங்காய்ச்சலும் உடல் விறைப்பும் குழப்பமும் சேர்ந்து வந்தால் அது அவசரம். அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு. மற்றபடி, மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து: சில வாரங்கள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், பிறகு நோய் திரும்பிவிடும். மருத்துவரை எட்ட முடியாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.