செஞ்சி வட்டாரச் சிறு விவசாயிகளுக்கு அரசு உதவி: முதலில் பட்டா

செஞ்சி வட்டாரத்தில் ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் கலந்த சிறு நிலங்கள் ஏராளம். ஒன்றரை, இரண்டு ஏக்கரில் நெல்லும் மணிலாவும் மாற்றி மாற்றிப் பயிரிடும் விவசாயிக்கு அரசு தரும் உதவிகள் பல. கேட்டுப் பெறாததாலேயே அவற்றில் பல கைநழுவிப் போகின்றன.

பெரும்பாலும் குறுக்கே நிற்பது பட்டாதான். நிலம் இன்னும் பாட்டனார் பெயரில் இருக்கும்; அல்லது பங்காளிகள் நால்வரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். உழுகிறவர் ஒருவர், ஏட்டில் இருப்பவர் வேறொருவர் என்றால் மானியம் கிடைப்பது கடினம். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றுடன் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, உட்பிரிவு அளந்து தனிப் பட்டா பெறுவது நல்லது. மழை இல்லாத மாதத்தில் இந்த அலைச்சலை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து வேண்டியது சிறு, குறு விவசாயி சான்று. வட்டாட்சியர் வழங்குவது இது. 2.5 ஏக்கர் வரை குறு விவசாயி, 5 ஏக்கர் வரை சிறு விவசாயி. வேறு ஊரில் உள்ள நிலமும் கணக்கில் சேரும். 2025 முதல் பதிவு செய்யப்படும் விவசாயி அடையாள எண்ணையும் பெற்றுவிட வேண்டும்.

இச்சான்றின் அருமை சொட்டுநீர், தெளிப்புநீர்ப் பாசனத்தில் தெரியும். மற்றவர்களுக்கு 75 சதவீத மானியம். சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு நிர்ணயித்த விலைக்குள் 100 சதவீதம். மணிலாவுக்குத் தெளிப்புநீர் ஏற்றது. நெல், மணிலா போன்ற பயிர்களுக்கு வேளாண்மை விரிவாக்க மையத்திலும், காய்கறி, பூவுக்குத் தோட்டக்கலைத் துறையிலும் மனுச் செய்ய வேண்டும். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், மண், நீர்ப் பரிசோதனை முடிவு ஆகியவை தேவை. பணி ஆணை வருமுன் கடையில் குழாய் வாங்கிவிட்டு மானியம் கேட்பது வீண். ஒருமுறை மானியம் பெற்ற நிலத்துக்கு 7 ஆண்டுகள் கழித்தே மறுபடி கிடைக்கும்.

பலர் கவனிக்காத உதவி ஏரி வண்டல். கோடையில் வறண்ட ஏரியில் விவசாயத்துக்காக வண்டல் எடுக்கக் கட்டணம் இல்லை. அனுமதி தரும் அதிகாரம் 2024 முதல் வட்டாட்சியருக்கே உண்டு. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்பது அளவு. ஈரம் நிற்காத சரளைப் புன்செய்க்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. ஏரியும் ஆழமாகும். களர் மண்ணை மட்டும் அள்ளி வந்துவிடக் கூடாது. முன்னதாக மண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நலம்.

பண்ணைக்குட்டைக்கும் வாடகை இயந்திரத்துக்கும் அணுக வேண்டியது வேளாண்மைப் பொறியியல் துறை. எந்தத் திட்டத்தில் நிதி இருக்கிறது என்பதை உதவி வேளாண்மை அலுவலரிடமோ உழவன் செயலியிலோ அறியலாம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், அம்மாதமே பெயரைப் பதிந்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மனு தேங்கினால், மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்தச் சீட்டைக் காட்டிக் கேட்கலாம்.