ஒளி வரைந்த உடல்

கற்பிட்டிக் கரையில் கரைவலை இழுப்போரின் வெற்றுடம்பை எவரும் ஆபாசமென்று எண்ணுவதில்லை, நேயர்களே. அதே உடம்பு படமாகிச் சுவரில் தொங்கினால்தான் முகஞ்சுளிப்போர் உளர். ஜப்பானில் நொஜிமா யசுசோ என்பவர் 1930களிலேயே ஆடையற்ற பெண்ணுடலைப் பாறைபோற் கனத்த வடிவமாக நிழற்படத்திற் பதித்தார்.

அதே ஆண்டுகளிற் கொழும்பில் லயனல் வென்ட் இலங்கை இளைஞரின் மேனியைப் படமெடுத்தார். வழக்கறிஞர், தேர்ந்த பியானோக் கலைஞருங்கூட. இருட்டறையில் பாதி உருப்பெற்ற படத்தின்மீது கணப்பொழுது ஒளி பாய்ச்சுவார். ஒளியும் நிழலும் ஓரளவு இடம்மாற, உடலின் விளிம்பிலே தூரிகையால் இழுத்தாற்போன்றதொரு கோடு தோன்றும். பார்ப்பவர் கண் அக்கோட்டின் வழியே செல்லும். ஆடையின்மை நினைவுக்கே வாராது.

1944இல் அவர் மறைந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை அச்சுப்படிகளும், 1950இல் லண்டனில் வெளியான ஒரு நூலுமே.