பெயர்ப்பலகை யார் பெயரில் இருக்கிறது?

தேவிகாபுரத்தில் பட்டுச் சேலை மொத்த வியாபாரம் செய்து வரும் எங்களுக்கு, ஆவணி முகூர்த்த ஆர்டர்கள் வரும் நேரத்தில் ஒரு சங்கடம் நேர்ந்தது. "வியாபாரத்தை நிறுத்திவிட்டீர்களா?" என்று மதுரையிலிருந்து ஒரு கடைக்காரர் போன் செய்தார். எங்கள் இணையதளம் திறக்கவில்லையாம்.

சேலைப் படங்கள் எல்லாம் வைத்த இடத்தில் பத்திரமாகவே இருந்தன. காலாவதியானது பெயர்தான். தளம் அமைத்துத் தந்த இளைஞர் அதைத் தம் மின்னஞ்சலில் பதிந்திருந்தார். ஆண்டுக் கட்டண நினைவூட்டல்கள் அவருக்கே போயின. அவரோ வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். நல்ல பிள்ளை, தேடிப் பிடித்ததும் உதவினார். மீட்பதற்கான அவகாசம் முடியாததால் கூடுதல் பணம் கட்டி மீட்டோம். கைவிட்டுப் போன ஆர்டர்கள் போனவைதான்.

வணிக அன்பர்கள் அறிய வேண்டியது, பெயர் வேறு, இடம் வேறு. படமும் விலையும் போன் நம்பரும் மட்டுமே உள்ள எங்களைப் போன்றவர்களுக்குத் தனிக் கம்ப்யூட்டர் வேண்டாம். அமேசானின் எஸ்3 போன்ற வாடகைக் கிடங்கில் பக்கங்களை வைத்தால் போதும். 2011 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் அவர்கள் தரும் முகவரி முழ நீளம்; பில் புத்தகத்தில் அச்சிட முடியாது. அதற்குத்தான் சொந்தப் பெயர். '.இன்' பெயர்களை நிக்ஸி நிர்வகிக்கிறது, தமிழிலேயே '.இந்தியா' என்றும் வாங்கலாம்.

பெயர் விற்றவரிடம் டி.என்.எஸ். என்றொரு பதிவேடு இருக்கும். இந்தப் பெயருக்குரிய சரக்கு இந்தக் கிடங்கில் உள்ளது என்று அதில் ஒரு வரி எழுத வேண்டும். சி-நேம் என்பார்கள். நேரடியாக இணைத்தால், கிடங்கில் நம் அறையின் பெயரும் (அவர்கள் பாஷையில் 'பக்கெட்') தளத்தின் பெயரும் எழுத்துக்கு எழுத்து, டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உட்பட, ஒன்றாக இருக்க வேண்டும். பூட்டு அடையாளம் வேண்டுமானால் கிளவுட்பிரண்ட் போன்ற ஒன்றை முன்னே நிறுத்த வேண்டும். மாற்றம் எல்லா ஊருக்கும் போய்ச் சேர ஒரிரு நாள்கூட ஆகலாம். சீசனில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று. கிடங்கைக் காலி செய்தால் பதிவேட்டு வரியையும் அழித்துவிடுங்கள். விட்டுவைத்தால், அதே பெயரில் வேறொருவன் அறை எடுத்து நம் பலகையின் கீழ் தன் சரக்கை விற்பான். போலிப் பட்டு விற்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்போது பெயர் எங்கள் கடையின் பெயரில், கடை மின்னஞ்சலில் உள்ளது. ஐந்தாண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டோம். பத்தாண்டு வரை கட்டலாம். காலாவதித் தேதியைக் கடை வாடகை ஒப்பந்தம் குறித்த அதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.