பாலாற்றங்கரையில் கொடையும் கடனும்

2019-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி, ஜோலார்பேட்டை சந்திப்பிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு சென்னை வில்லிவாக்கத்தை நோக்கி ஒரு ரயில் புறப்பட்டபோது, தாகத்தால் தவித்த தலைநகருக்கு இவ்வட்டாரம் செய்த பெரும் உபகாரமென்று பலரும் அதைப் போற்றினர். அந்தத் தண்ணீரோ இம்மண்ணில் ஊறியதன்று. மேட்டூரிலிருந்து குழாய்வழியே வந்த காவிரி நீர். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிப் பருகிய பாலாற்றங்கரை ஜனங்கள் காவிரியை எதிர்பார்த்துக் குடத்துடன் நிற்கும்படி நேர்ந்தது ஏன் என்று விசாரிக்கப் புகுந்தால், மேலைநாடுகள் நமக்குச் செய்ததாகச் சொல்லப்படும் உதவிகளின் கணக்கும் வேறு விதமாகத் தென்படத் தொடங்கும்.

உதவியே இல்லையென்று சாதிப்பது நன்றிகெட்ட பேச்சாகும். 1900-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கிய வைத்தியப் பணிக்கு, நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்பவர் தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் அளித்தார். 1902-இல் எழுந்த அந்த ஆஸ்பத்திரியின் வழிவந்த ஸ்தாபனத்தில் உயிர் பிழைத்தோர் இல்லாத கிராமம் இப்பக்கத்தில் அரிது. அந்தக் கருணை மெய்யானது. ஆயினும் கொடை என்பது கொடுப்பவர் மனம் இருக்கும்வரை வருவது. பெறுபவர் அதை உரிமையென்று கேட்க இயலாது. கடனாகத் திருப்பவேண்டியதைக் கொடையென்று பெயரிடலாகாது என்பதே இடதுசாரிச் சிந்தனையாளர் நெடுங்காலமாக எழுப்பிவரும் ஆக்ஷேபம். அதற்கு முன்னோடியாக தாதாபாய் நௌரோஜி, இந்தியாவின் செல்வம் பிரதிபலனின்றி இங்கிலாந்துக்கு வடிந்து செல்வதை 1901-இல் வெளியிட்ட நூலிலேயே கணக்கிட்டுக் காட்டினார். ஏழை நாட்டின் உழைப்பு மலிவாகவும் செல்வநாட்டின் உழைப்பு உயர்வாகவும் விலைபெறும் வர்த்தகத்தில், சுரண்டல் சந்தைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று பின்னாளில் பொருளியலாளர் அர்கிரி எம்மானுவேல் வாதித்தார்.

இந்தச் சித்தாந்தத்துக்குப் பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுவோர் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் வரலாம். ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் தோல் பதனிட்டு வந்த இவ்வூர்களில் குரோமியத்தால் பதனிடும் முறை பரவிய வரலாற்றில் நமது அரசின் பங்கும் உண்டு. 1970-களில் கச்சாத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுமை பெற்ற சரக்கால் அந்நியச் செலாவணி ஈட்ட நாம் விரும்பினோம். ஐரோப்பாவிலோ சுற்றுச்சூழல் விதிகள் கடுமையாகி, கழிவு மிகுந்த வேலைகள் கடல் கடந்து இடம்பெயர்ந்தன. இந்த இடப்பெயர்ச்சியை நியாயப்படுத்தும் தர்க்கத்தை, கூலி குறைந்த நாடுகளுக்கு மாசை அனுப்புவது லாபகரமென்று, 1991 டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளியல் அறிஞர் கையெழுத்திட்ட குறிப்பு ஒன்று பட்டவர்த்தனமாக எழுதியது. அது கிண்டலாக எழுதப்பட்டதென்று பின்னர் சமாதானம் கூறினர். பாலாற்றங்கரையில் அது கிண்டலாக இருக்கவில்லை.

தோல் பதனிடும் ஆலைகளின் (டேனரிகளின்) கழிவை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் அதே 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒரு கிலோ தோலைப் பக்குவப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமாகவோ பகுதியாகவோ கெட்டதையும் பதிவுசெய்து, மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்கவேண்டுமென்று விதித்தது. அதன்பின் அமைந்த ஆணையம் 2001 மார்ச்சில், 547 டேனரிகள் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் வழங்கவேண்டுமென்று நிர்ணயித்தது. 1991 ஆகஸ்ட் முதல் 1998 முடிய ஏழாண்டுக்கு மேற்பட்ட நஷ்டத்துக்கு ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட இல்லை. கிணறு உப்பாகி, தென்னை கருகி, நெல் பொய்த்துப்போன ஒரு குடும்பத்தின் ஓர் ஆண்டுக்கு 1,300 ரூபாய்க்கும் குறைவு. அச்சிறு தொகையும் எல்லோர் கைக்கும் சேரவில்லை. 2025 ஜனவரி 30-இல், இன்னும் பெறாதோர்க்கு அரசே ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டுப் பின்னர் ஆலைகளிடம் வசூலிக்கவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பான யூனிடோ முதலிய சர்வதேச ஸ்தாபனங்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தொழில்நுட்ப உதவி நல்கின என்பதும் உண்மையே. ஆனால் இவ்வூர்த் தோலால் செய்த காலணியை மேலைநாடுகளில் விற்றவர்களின் லாபத்திலிருந்து, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்து ஜோடிக்குச் சில ரூபாயே பெறும் ஆம்பூர்ப் பெண்களுக்கு ஒன்றும் திரும்பவில்லை. ஈட்டுத்தொகையும் உள்ளூர் ஆலைகளின் தலையிலேயே விழுந்தது. 2023 முதல் அமலிலுள்ள ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம், அந்நாட்டுப் பெரிய நிறுவனங்கள் தமக்குச் சரக்கு அனுப்புவோரிடத்தில் மனித உரிமை மீறலைக் கண்காணிக்கவேண்டுமென்கிறது; எனினும் அதை மீறினால் நஷ்டஈடு கோரும் புதிய உரிமை எதையும் அது வழங்கவில்லை. ஆகவே தண்ணீரின் நஷ்டத்தையும் நியாயமான தையற்கூலியையும் ஜோடிக்கு இவ்வளவென்று கொள்முதல் விலையிலேயே எழுதிச் சேர்க்கும்படி, நமது தொழிற்சங்கங்களும் ஆலை உரிமையாளரும் அரசும் ஒன்றுகூடி, காலணியை வாங்கும் மேலைநாட்டு வணிகரிடம் கேட்கவேண்டும்.