வீட்டுச் சாவியைத் தெருவுக்கே கொடுப்பீர்களா?

அறந்தாங்கியில் ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வீட்டுக்காரர்கள், மேலே குடித்தனம். மூத்த பிள்ளை சிங்கப்பூரில். இரவானால் அவன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமே என்பதற்காகவே வீட்டில் வை-ஃபை பெட்டி வந்து உட்கார்ந்தது. "அத்தை, உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்களேன்!" என்று மாடி வீட்டுக் குழந்தை கேட்கிறது. இல்லை என்று சொல்ல எந்த அத்தைக்கு மனம் வரும்? மாமாவின் செல்போன் நம்பர்தான் பாஸ்வேர்டு. மறுநாள் பாதித் தெருவுக்கு அது மனப்பாடம்!

"போகட்டுமே, அதனால் என்ன குறைந்துவிட்டது?" என்கிறீர்களா? ஒரு பழைய சம்பவத்தைக் கேளுங்கள்.

2008 ஜூலை 26-ந் தேதி ஆமதாபாத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சற்று முன்னால் தொலைக்காட்சி நிலையங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. போலீஸார் அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு போய் நின்றது, நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டு வாசலில்! பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் வீட்டு வை-ஃபை பூட்டாமல் கிடந்தது. யாரோ அதன் வழியாக அஞ்சலை அனுப்பிவிட்டார்கள். கணினிகளைச் சோதித்து, மனிதரைத் துருவித் துருவி விசாரித்த பிறகுதான் அவருக்குச் சம்பந்தமில்லை என்று தெளிவாயிற்று. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, முதல் கேள்வி அவருக்குத்தானே?

2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு இலாகா உத்தரவு போட்டது. பொது இடத்தில் வை-ஃபை கொடுப்பவர்கள், வருகிறவர் யார் என்று தெரிந்துகொண்டே கொடுக்க வேண்டும். ரயில் நிலையத்தில் வை-ஃபை கேட்டால் உங்கள் செல்போனுக்கு ஓ.டி.பி. எண் வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

பெரிய அலுவலகங்களில் வேறு ஏற்பாடு: ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு ரகசியச் சொல். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் பெயரை மட்டும் அடித்துவிடலாம். பெண்கள் விடுதி நடத்தும் சகோதரிகளுக்கு இந்த முறையைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். நாலு பேர் உள்ள வீட்டுக்கு அவ்வளவு தடபுடல் வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே சாவி போதும். ஆனால் பூட்டு நல்ல பூட்டாக இருக்க வேண்டும்.

'வெப்' என்ற பழைய பூட்டு 2001-லேயே உடைபட்டுவிட்டது. 2004-ல் வந்த 'டபிள்யூ.பி.ஏ.-2' இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. அதில் ஒரு சங்கடம். உங்கள் போன் பெட்டியோடு சேரும்போது நடக்கும் பேச்சைத் தெருவிலிருந்தே ஒருவன் பதிவு செய்துகொண்டு, தன் வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்க்கலாம். பத்து இலக்கச் செல்போன் நம்பர் என்றால், வேகமான கணினி ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும். மாமாவின் நம்பர் போன கதிதான்! சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து வைத்தால் அவன் பாடு திண்டாட்டம். 2018-ல் வந்த 'டபிள்யூ.பி.ஏ.-3'-ல் அந்தச் சாவகாசமே கிடையாது. ஒவ்வொரு ஊகத்துக்கும் உங்கள் பெட்டியிடமே வந்து கேட்டாக வேண்டும். புதுப் பெட்டி வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மாடி வீட்டுக் குழந்தையை முகத்தில் அடித்தாற்போல் அனுப்ப வேண்டாம். பல பெட்டிகளில் 'கெஸ்ட்' என்று விருந்தாளிகளுக்குத் தனி வழி உண்டு. அதற்கு வேறு சொல் வைத்து, அதைக் கொடுங்கள். தெருவெல்லாம் பரவிவிட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். வீட்டாரின் போன்களைத் தொட வேண்டாம். இணைப்பு உங்கள் பெயரில்தான் என்பதால், அந்தச் சொல்லையும் தெரிந்தவர்களுக்கு மட்டுமே கொடுங்கள்.

இன்னொன்று: பெட்டியின் அமைப்புகளைத் திறப்பதற்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு உண்டு. பல வீடுகளில் அது பெட்டி வந்த நாளில் இருந்தபடியே, 'அட்மின்' என்றே இருக்கிறது. இணைப்புக் கொடுக்க வந்த பையன் புறப்படுவதற்கு முன் அதையும் மாற்றித் தரச் சொல்லுங்கள். புதுச் சொல்லை நீங்களே தட்டுங்கள்.