வீட்டுக்குள் ஒரு கிட்டங்கி

இராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். 1936-ல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அங்கே இராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பின்னர் சுற்றிலும் பல ஆலைகள் தோன்றின. மாணவ நண்பர்களே, நூற்பாலை ஒன்றின் உள்ளே சென்று பார்த்திருக்கிறீர்களா? லாரியில் வந்து இறங்கும் பஞ்சுப் பொதிகளை யாரும் இயந்திரங்களுக்கு நடுவே அடுக்குவதில்லை. அவை நேராகக் கிட்டங்கிக்குப் போகின்றன. அன்றைய வேலைக்கு வேண்டிய பொதிகள் மட்டுமே ஆலைக்குள் வரும். எல்லாப் பொதிகளையும் உள்ளேயே அடைத்தால் ஆள் நடக்கவும் வழியிராது, ஆலையும் ஓடாது.

இன்று பல வீடுகளில் கணிப்பொறி இந்த நிலையில்தான் இருக்கிறது. 'இடம் போதவில்லை' என்று அது அடிக்கடி அறிவிக்கிறது. அதற்கு ஒரு கிட்டங்கி கட்டிக் கொடுக்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

இடம் எங்கே போயிற்று?

1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் வன்தட்டு பொருத்திய முதல் கணிப்பொறியை வெளியிட்டது. அந்தச் சேமிப்புப் பெட்டியில் 50 தட்டுகள் சுழன்றன. அதன் எடை ஏறக்குறைய ஒரு டன். அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் படம் ஒன்று அதில் அடங்கினாலே பெரிது!

கைப்பேசிப் படம் ஒன்றுக்கு 4 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் படங்கள் 40 ஜிகாபைட் ஆகும். தெளிவான காணொளி நிமிடத்துக்குச் சுமார் 100 மெகாபைட் எடுக்கும். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரோட்டத்தை ஒரு மணி நேரம் படம்பிடித்தால் அது மட்டுமே 6 ஜிகாபைட். 256 ஜிகாபைட் கணிப்பொறி சில ஆண்டுகளில் நிரம்புவதில் வியப்பில்லை.

நிரம்பிய கணிப்பொறி ஏன் தள்ளாடுகிறது? வேலை செய்யும்போது அது பல தற்காலிகக் கோப்புகளை எழுதி அழித்துக்கொண்டே இருக்கிறது. எழுத வெற்றிடம் வேண்டும். வெற்றிடம் குறையக் குறைய வேகமும் குறைகிறது.

'கோப்புகளைச் சுருக்கி வைத்தால் ஆகாதா?' என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாவே பதில் சொல்லும். பாலைச் சர்க்கரையுடன் சுண்டக் காய்ச்சினால் பால்கோவா. படமும் காணொளியும் அப்படித்தான். கேமராவே அவற்றைச் சுண்டக் காய்ச்சித்தான் நம்மிடம் தருகிறது. பால்கோவாவை மறுபடி அடுப்பில் ஏற்றினால் அளவு அதிகம் குறையாது, அடிதான் பிடிக்கும். ஆகவே இருப்பதை இடம் மாற்றுவதே வழி.

வலையமைப்பு வட்டு

இங்கேதான் 'வலையமைப்பு வட்டு' உதவிக்கு வருகிறது. ஒன்றோ இரண்டோ வன்தட்டுகள் பொருத்திய சிறு பெட்டி இது. உள்ளே ஒரு சிறு கணிப்பொறியும் உண்டு. இதற்குத் திரையோ விசைப்பலகையோ தேவையில்லை. ஒரு கம்பியால் இதை வீட்டு ரூட்டரில் இணைத்துவிட்டால் போதும். அப்பாவின் கணிப்பொறி, அக்காவின் மடிக்கணினி, உங்கள் கைப்பேசி எல்லாம் இதே கிட்டங்கியைப் பயன்படுத்தலாம். சில ரூட்டர்களில் யு.எஸ்.பி. துளை இருக்கும். அதில் ஒரு வன்தட்டைச் செருகியும் குறைந்த செலவில் இதைச் செய்யலாம்.

கணிப்பொறி இந்தப் பெட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி தருகிறது. 192.168.1.5 என்பது போல அது இருக்கும். இராஜபாளையத்தில் உங்கள் வீட்டுப் பெட்டிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் சித்தி வீட்டுப் பெட்டிக்கும் இதே எண் இருக்கலாம். குழப்பம் வராதா? வராது. வெவ்வேறு தெருக்களில் 5-ஆம் எண் வீடுகள் இருப்பதில்லையா? அதுபோல இந்த எண்கள் அந்தந்த வீட்டுக்குள் மட்டுமே செல்லும்.

முகவரி தெரிந்தால் போதாது. பேசுவதற்குப் பொது மொழியும் வேண்டும். 'இந்தக் கோப்பைத் திற', 'இதை எழுதிக்கொள்' என்று கேட்கும் அத்தகைய மொழி ஒன்றை ஐ.பி.எம். நிறுவனத்தில் 1983-ல் உருவாக்கினார்கள். அதன் வழிவந்த எஸ்.எம்.பி. என்னும் மொழியை இன்றைய கணிப்பொறிகளும் பேசுகின்றன. இதனால்தான் வேறு அறையில் உள்ள வட்டு, உங்கள் திரையில் சொந்த வட்டு போலவே தோன்றுகிறது.

ஒன்றை நினைவில் வையுங்கள். கோப்புகள் வீட்டுக்குள்ளேயே பயணம் செய்கின்றன. இணைய இணைப்பு அறுந்திருந்தாலும் இந்த வேலை நடக்கும். மாதக் கட்டணத்தில் வாங்கிய இணைய அளவில் ஒரு பைட்டும் குறையாது.

ஒரு வேகக் கணக்கு

200 ஜிகாபைட் கோப்புகளை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? வலையமைப்பின் வேகத்தைப் பிட்களில் சொல்வார்கள். கோப்பின் அளவைப் பைட்களில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நொடிக்கு 100 மெகாபிட் செல்லும் பாதையில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் போகும். 2,00,000 மெகாபைட்டை 12.5-ஆல் வகுத்தால் 16,000 நொடிகள். அதாவது ஏறக்குறைய நாலரை மணி நேரம்!

பாதை நொடிக்கு 1,000 மெகாபிட் வேகம் கொண்டதாக இருந்தால் இதே வேலை 1,600 நொடிகளில், அதாவது 27 நிமிடத்துக்குள் முடியும். நடைமுறையில் இன்னும் சற்றுக் கூடுதலாகும். கம்பியில்லா வழியில் சுவர்கள் குறுக்கிட்டால் வேகம் மேலும் குறையும். அதனால் முதல் முறை பெருமளவில் மாற்றும்போது கம்பியால் இணைப்பதே நல்லது.

எதை அனுப்புவது? பொதி தூக்கும் ஆலைத் தொழிலாளியைப் போல யோசியுங்கள். இன்று வேண்டியவை அருகில் இருக்கட்டும். கணிப்பொறியை இயக்கும் மென்பொருள், நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் பாடக்குறிப்பு ஆகியவை கணிப்பொறியிலேயே இருக்க வேண்டும். பழைய படங்கள், திருமணக் காணொளிகள், முடிந்த பயிற்சித் தாள்கள் ஆகியவை கிட்டங்கிக்குப் போகலாம்.

அழிக்கும் முன் ஒரு நிமிடம்

இடமாற்றத்தில் மூன்று படிகள் உண்டு. முதலில் பிரதி எடுங்கள். அடுத்து சரிபாருங்கள். அதன் பிறகே கணிப்பொறியில் உள்ளதை நீக்குங்கள். 'வெட்டி ஒட்டும்' குறுக்கு வழி வேண்டாம். நடுவே மின்சாரம் போனால் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று தேடவேண்டி வரும். சரிபார்ப்பது எளிது. இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐந்தாறு கோப்புகளைத் திறந்தும் பாருங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கணிப்பொறியில் நீக்கிய கோப்பு உடனே மறைவதில்லை. அது குப்பைத்தொட்டிக்குப் போய் அங்கேயும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். ஆனால் வலையமைப்பு வட்டில் உள்ள கோப்பை நீக்கினால், அது பெரும்பாலும் உங்கள் கணிப்பொறியின் தொட்டிக்கு வராது, போனது போனதுதான்.

இப்போது கணிப்பொறியில் 200 ஜிகாபைட் இடம் கிடைத்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு கேள்வி: பாட்டியின் படங்கள் இப்போது எத்தனை இடத்தில் இருக்கின்றன? ஒரே ஓர் இடத்தில்! நீங்கள் இடத்தை மாற்றினீர்களே தவிர, பாதுகாப்பைக் கூட்டவில்லை. வன்தட்டும் தேயும் பொருள். ஒருநாள் அது நின்றுவிட்டால்?

ஒரே பிரதியை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதைத் தமிழர்கள் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் பிரதி இருந்த நூல்களை மீண்டும் தேடிச் சேர்க்கலாம். ஆனால் வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடியை யார் திரும்பத் தர முடியும்? 2005-ல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகத் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களைப் பிரதி எடுத்து உலகெங்கும் படிக்கத் தருகிறது. நூல்கள் நிலைப்பதற்குப் பிரதிகள் பெருகுவதே வழி.

வீட்டுக் கிட்டங்கிக்கும் இதுவே விதி. இரண்டு வன்தட்டுகள் உள்ள பெட்டியில் ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் தானே எழுதும்படி அமைக்கலாம். 1988-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவரும் பல வட்டுகளை ஒன்றாகக் கட்டும் முறைகளை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். இந்த இரட்டை எழுத்தும் அவற்றுள் ஒன்று. ஒரு வட்டு பழுதானால் மற்றது கைகொடுக்கும். ஆனால் நீங்கள் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டிலும் அழியும். மின்னல் தாக்கினால் பெட்டியே போகும். தீய மென்பொருள் கணிப்பொறிக்குள் புகுந்தால், இணைந்திருக்கும் வலையமைப்பு வட்டையும் அது கெடுத்துவிடும்.

ஆகவே மூன்று, இரண்டு, ஒன்று என்னும் விதியைக் கடைப்பிடியுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு பிரதி வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஊர்தானே? படங்களைத் தனி வன்தட்டு ஒன்றில் பதிந்து சித்தி வீட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள். பொங்கலுக்கும் ஆடிப்பூரத்துக்கும் போகும்போது புதிய படங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது பால்கோவாவும் கிடைக்கும்!

செய்து பாருங்கள்

இன்று மாலை வீட்டுக் கணிப்பொறியில் மிகப் பெரிய பத்துக் கோப்புகள் எவை என்று கண்டுபிடியுங்கள். அவற்றின் அளவைக் கூட்டி, நொடிக்கு 100 மெகாபிட் பாதையில் அவற்றை மாற்ற ஆகும் நேரத்தைக் கணக்கிடுங்கள். பிறகு ஒவ்வொன்றின் எதிரிலும் அதற்கு எத்தனை பிரதிகள் உள்ளன என்று எழுதுங்கள். 'ஒன்று' என்று எழுத நேர்ந்தால், அந்தக் கோப்பை இடம் மாற்றும் முன் இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள்.