மூளைக்காய்ச்சல்: விடியும்வரை காத்திருக்க வேண்டாம்

மூளையையும் முண்ணாணையும் மூடியுள்ள மென்சவ்வுகளில் கிருமி தொற்றி உண்டாகும் அழற்சியே மூளையுறை அழற்சி. மூளையே தொற்றுக்குள்ளானால் அது மூளை அழற்சி. நம்மவர் பேச்சில் இரண்டும் மூளைக்காய்ச்சல்தான். ஆயினும் எக்கிருமியால் வந்தது என்பதைப் பொறுத்தே ஆபத்து வேறுபடுகின்றது.

வைரசால் வரும் மூளையுறை அழற்சி பெரும்பாலும் தானாகவே குணமடையும். நியூமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ் முதலிய பக்ரீரியாக்களால் வருவது அப்படியன்று. அது சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடும். பிழைத்தவருக்கும் செவிப்புலன் குன்றலாம். இவ்விரண்டையும் வீட்டில் பிரித்தறிய இயலாது. முதுகில் ஊசி ஏற்றி எடுக்கும் நீரைப் பரிசோதித்தே வைத்தியர்கள் உறுதிசெய்வர். இதனால் கால் முடங்கிவிடும் என அஞ்சுவோர் உளர். ஊசி ஏற்றப்படுவதோ முண்ணாண் முடிவடையும் இடத்துக்குக் கீழேயாகும்.

கடுங்காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சத்தில் கண்கூச்சம், நினைவு தடுமாறல் ஆகியன முக்கிய அறிகுறிகள். கைக்குழந்தைகளிடம் கழுத்து விறைப்பு தென்படாமலும் இருக்கலாம். பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், தூக்கினால் வீறிட்டழுதல், உச்சிக்குழி புடைத்தல் என்பவற்றைக் கவனியுங்கள்.

மெனிங்கோகொக்கஸ் இரத்தத்தில் பரவும்போது தோலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோன்றலாம். கண்ணாடிக் குவளையால் அழுத்தினாலும் அவை மறையமாட்டா. நமது தோல் நிறத்தில் இவை எளிதில் புலப்படுவதில்லை என்பதால் உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம், மேலண்ணம் ஆகியவற்றைப் பாருங்கள். புள்ளி தோன்றட்டும் எனக் காத்திருக்கவும் கூடாது.

பனோடில் கொடுத்ததும் காய்ச்சல் தணிந்துவிட்டது, விடிந்தபின் பார்க்கலாம் என்று எண்ணுவதே பெருந்தவறு. இவ்வறிகுறிகளுடன் ஒருவர் விரைவாக நலிவுற்றால் உடனே 112 இலக்கத்தை அழையுங்கள். சந்தேகம் மட்டுமே எனில் குடும்ப வைத்தியரையும், அவரது வேலைநேரத்தின் பின் அவசர வைத்திய சேவையையும் நாடலாம். கொபனேகன் பிராந்தியத்தில் அதன் இலக்கம் 1813.

டென்மார்க்கில் ஹிப் பக்ரீரியாவுக்கு எதிரான தடுப்பூசி 1993 முதலும், நியூமோகொக்கஸ் தடுப்பூசி 2007 முதலும் குழந்தைகளுக்கு இலவசமாக வழங்கப்படுகின்றன. 3, 5, 12 மாதங்களில் இவை ஏற்றப்படும். மெனிங்கோகொக்கஸ் இவற்றுள் அடங்காது. எனவே ஊசி போட்ட பிள்ளை என்று அசட்டையாக இருக்கவேண்டாம்.

காடு, புல்வெளிகளில் கடிக்கும் உண்ணிகளும் நரம்புத் தொகுதியில் தொற்றை ஏற்படுத்தக்கூடும். பொரேலியா பக்ரீரியாவால் வருவது கடித்துச் சில வாரங்களின் பின், முதுகுவலியாகவோ முகம் ஒருபுறம் கோணுவதாகவோ தோன்றலாம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் அதனைக் குணப்படுத்தலாம். போர்ன்ஹோல்ம் தீவில் உண்ணிகள் பரப்பும் வைரசு மூளை அழற்சிக்குத் தடுப்பூசி உண்டு. வைத்தியரிடம் செல்லும்போது, உண்ணி கடித்திருந்தால் அதனைக் கூறத் தவறாதீர்கள்.